நாலு செகண்டு

"தினமும் நாலு செகண்டு ஸ்லோவா ஓடுது!" பழைய கப்பல் கடிகாரத்தைக் கடை மேசைமேல் வைத்தார் கேப்டன்.

அமுதவல்லிக்குத் திக்கென்றது. போன வருஷம் சுனாமியில் ஊறிப்போன கடிகாரம் அது. 'எங்க வீட்டுக்காரர் ஓட வெச்சிடுவாரு' என்று வீறாப்பாக ரிப்பேருக்கு வாங்கி வைத்தவளே அவள்தான்.

கையாலேயே புது ஸ்பிரிங் செய்து போட்ட ஆரோக்கியராஜோ சிரித்தார். "வெயில்லயும் மழையிலயும் அதே நாலுதானா?"

"ஒருநாளும் மாறல!"

"ஏங்க, தப்பா ஓடுதுன்றாரு, சிரிக்கிறீங்க?"

"மாறாத தப்புன்னா கணக்குல சரி பண்ணிக்கலாம்மா. நேரத்தை வெச்சுக் கடல்ல இடம் கணிக்கிற கப்பலுக்கு அதுதான் ஒசத்தி," என்றார் கேப்டன். "உள்ள, இதைச் செஞ்ச லண்டன்காரர் பேரு இருக்குது. அதுக்குக் கீழ உங்க பேரையும் வெட்டிக் குடுங்க, ஆரோக்கியராஜ்."

அமுதவல்லி நிமிர்ந்து நின்றாள். "நம்ம ஊரு மரக்காணம்னும் சேர்த்து வெட்டுங்க!"