அவசரப் பை

ஜோம்பி வந்தால் தண்ணீர் நிரப்பி வைப்பது யார் என்ற கேள்விக்கு, வீட்டுக்காரர், இரண்டு மகள்கள் என மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவளைக் கைகாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் சின்ன மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேரிடர் ஆயத்தப் படிவம் விரிந்து கிடந்தது. வெள்ளம், தீ என்றால் எந்த வீட்டிலும் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள் என்று ஒரு டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது. ‘ஜோம்பி வந்தால் உங்கள் குடும்பம் தயாரா?’ என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டார். புண்ணியவதி, அதையும் அம்மாக்கள் தலையில்தான் கட்டியிருந்தார்.

எழுந்து நடக்கும் பிணம்தானே, ஜோம்பி மெதுவாகத்தான் நடக்கும், ஆகவே செருப்பைத் தேட நேரம் உண்டு என்றது படிவம். கடிபட்டவரும் ஜோம்பி ஆகிவிடுவார், சொந்த மாமாவே ஆனாலும் கதவைத் திறக்காதீர்கள் என்றது. தங்கள் மாமாவை நினைத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

வாரத்தில் ஆறு நாள் தொலைபேசியில் ஊரார் புகாரைக் கேட்பது அவள் வேலை. ஏழாம் நாளுக்கு இவர்கள் இருந்தார்கள்.

தண்ணீர், அம்மா. டார்ச், அம்மா. சான்றிதழ்கள் எங்கே என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். சின்னவள் எழுத எழுத, பொறுப்பாளர் கட்டம் முழுக்க ஒரே ஆள். மூத்தவள் மொட்டைமாடியில் நின்று கண்காணிப்பாளாம். மருந்துக்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையைத் தூக்கிப் பிடித்து, வாசலைத் தான் பார்த்துக்கொள்வதாக அறிவித்தார்.

அந்தத் துடைப்பம் அவர் கையில் ஏறி எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவும் தெம்பில்லை.

“அவசரப் பை ஒண்ணு ரெடியா இருக்கணுமாம். நம்ம வீட்ல இருக்கா?” என்றாள் சின்னவள்.

இருந்தது.

படுக்கையறை அலமாரியில், பழைய போர்வைகளுக்குப் பின்னால். இரண்டு வருடம் முன்பு, சண்டை சச்சரவு எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில், போதும்டா சாமி என்று தோன்றிக் கட்டி வைத்தது. அதை இவர்கள் பார்த்துவிடக் கூடாது.

இல்லை என்று எழுதச் சொல்ல வாயெடுப்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்து போயிருந்தார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. தேடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பையோடு வந்து நின்றார்.

அம்மா முன்னாலேயே எல்லாம் கட்டி வைத்துவிட்டாள் என்று மூத்தவளுக்கு ஒரே குஷி. ஜிப்பை இழுத்தாள்.

தண்ணீர் பாட்டில், சரி. டார்ச், சரி. சான்றிதழ் நகல்கள், சரி. சின்னவள் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தாள். மாற்றுத்துணியில் பேனா தயங்கியது. இரண்டு செட், இரண்டுமே அம்மாவுடையது.

பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றே ஒன்று.

மூத்தவள் பையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் காது எரிந்தது. அந்த நிமிடம் நிஜமாகவே ஒரு ஜோம்பி வந்திருந்தால் வாசல்வரை போய் வரவேற்றிருப்பாள்.

சின்னவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. படிவத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. பையின் பக்கவாட்டு அறையிலிருந்து அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டையை உருவி, வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் படித்தாள். அடுத்த வருடக் கடைசிவரை தாங்கும் என்று சொல்லி டிக் அடித்தாள்.

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

அவள் வைத்தது போன வருடமே காலாவதியாகியிருக்க வேண்டிய அட்டை. நன்றாக நினைவிருந்தது. அதற்குள் கிளம்பிவிடுவோம் என்று அன்று கணக்குப் போட்டிருந்தாள். அதன் பிறகு அந்தப் பையை அவள் தொடவே இல்லை.

வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கி அதே அறையில் செருகினார். ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“இரு, எடுத்த இடத்துலயே வெச்சிட்டு வந்துடறேன்” என்றார்.