ஏழாவது பாட்டு

"அக்கா, ஜகார்த்தா முழுக்க ஏழாவது பாட்டுதான்!" என்று துள்ளினான் மேனேஜர் ஹெர்மந்தோ.

பாப் பேரரசி என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட ரெட்னோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முப்பது வருடமாகப் பெட்டியில் தூங்கிய அவளுடைய ஆரம்ப காலப் பதிவுகள் போன வாரம்தான் ஆல்பமாக வெளிவந்திருந்தன.

"'இந்த உருக்கம் ரெட்னோவின் குரலில் அதன்பின் என்றுமே வரவில்லை'ன்னு பேப்பர்ல எழுதியிருக்கான்."

"அவன் காதை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு!"

"சனிக்கிழமை மேடையில அதையே பாடச் சொல்றாங்க."

"முடியாது!"

"உங்க சின்ன வயசுக் குரல் மேலேயே பொறாமையாக்கா?" சிரித்தபடி வெளியேறினான்.

ரெட்னோ கதவைத் தாழிட்டுவிட்டு, அந்த நாளில் தனக்குக் கோரஸ் பாடிய, இப்போது பாண்டுங்கில் பக்ஸோ சூப் கடை வைத்திருக்கும் யூயுனுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி, அந்தப் பாட்டைக் கேட்டியா?"

"கேக்காமலா? அன்னிக்கு உங்களுக்குத் தொண்டை சரியில்லை. நான் மாதிரிக்கு ட்ராக் பாடினேன், நீங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டீங்க. அப்புறம் நீங்க பாடவே இல்லை. இப்ப என் குரலையே உங்க பேர்ல போட்டுட்டாங்க!"

ரெட்னோ குரலைத் தாழ்த்தினாள். "வெளியில மூச்சு விட்டே..."

"விட மாட்டேன்க்கா. அதுல நீங்களும் இருக்கீங்களே!"

"நானா? எங்கே?"

"பாட்டு முடிஞ்சதும் யாரோ இருமுறாங்களே, அது நீங்கதான்."