புறப்பட்ட ஊரின் மணி

"அலைக்கே அசராத கப்பல் கடிகாரமாம்! மணியைப் பாரு, சம்பந்தமே இல்ல. உன் கைக்கடிகாரத்துக்கு அண்ணன்தான்," என்று மியூசியத்தில் மனைவியைக் கேலி செய்தார் கணவர். "ரிப்பேருக்குக் குடுன்னு மூணு வருஷமா தொண்டைத்தண்ணி வத்தக் கத்தறேன். வா, போலாம்."

காவலாளி குறுக்கிட்டார். "சரியாத்தான் ஓடுது சார், நொடி பிசகாது. கப்பல் எந்தக் கடலுக்குப் போனாலும் இதுல கிளம்பின ஊர் மணியை மாத்தவே மாட்டாங்க. எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு அதை வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க. நாங்களும் மாத்தல."

கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் அவள் தன் மணிக்கட்டை நீட்டினாள்.

"இதுவும் ரிப்பேர் இல்லீங்க. நம்ம பொண்ணு இருக்கிற ஊர் மணி. அங்க இப்ப காலைல ஆறரை."

கிளம்ப அவசரப்பட்டவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏழுக்குத்தானே எழுந்திருப்பா? பேசிட்டுப் போலாம். ஏழானதும் சொல்லு."