உஸ்தாத் பட்டம்

தாராவியில் பேச்சிராஜாவின் வீட்டு மேசையில் இரண்டு லேப்டாப்புகள், இரண்டிலும் எஸ்எஸ்டி என்ற புது அதிவேகச் சேமிப்பகம். எதன் வேகம் குறைவோ, அதன் சொந்தக்காரன் மற்றவனை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மாதம் ‘உஸ்தாத்’ என்று கூப்பிட வேண்டும்.

“வினாடிக்கு ஏழாயிரத்து நூறு எம்பி. பாத்தியாலே?” என்றான் பேச்சிராஜா.

“எனக்கு ஏழாயிரத்து எண்பது. இதெல்லாம் ஒரு வித்தியாசமாடா?” என்றான் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த நண்பன் ஹரி. “சலோ, இந்த பெஞ்ச்மார்க் டெஸ்டை விடு. நெஜமான ஃபைல் ஒண்ணைக் காப்பி பண்ணிப் பாத்துடலாம்.”

“சரி, உன்னுதுலேருந்து பெரிய ஃபைலா எடு.”

“உன்னோடதுலேர்ந்து எடேன்.”

“ஏன், உங்கிட்ட இல்லையால?”

ஹரி ஸ்கிரீனைப் பார்த்தபடியே சொன்னான். “ரொப்பினா ஸ்பீட் கொறைஞ்சுடும்னு நான் எதுவுமே போடலை.”

“நானுந்தாம்லே.”

பேச்சிராஜா சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். “பிரேமா, நம்ம கல்யாண வீடியோ எங்க இருக்கு?”

பிரேமலதா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “அத இதுல போடச் சொன்னப்ப ஸ்கோர் போயிரும்னு மாட்டேன்னுட்டியளே.”

பிறகு ஹரியைப் பார்த்தாள். “உங்க வீட்லயும் அதே பதில்தானாமே அண்ணே. அதான் உங்க சம்சாரம் பானுமதியும் நானும் சேந்து பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டோம். ரெண்டு கல்யாணமும் அதுலதான் இருக்கு.”

அலமாரியிலிருந்து அதை எடுத்துவந்து இரண்டு லேப்டாப்புகளுக்கும் நடுவில் வைத்தாள்.

“கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். எத்தன வருதுன்னு பாத்துச் சொல்லுங்க, ரெண்டு உஸ்தாத்தும்.”