ஒரே தொகை

பேச்சிக்கனிக்குப் பிள்ளையின் தலை இறங்கவில்லை. நர்ஸ் ஸ்டூலில் ஏறி நின்று முழங்கையால் அவள் வயிற்றை அழுத்தினாள். முக்காதபோதெல்லாம் தொடையில் அறைந்தாள்.

"கிழிச்சு எடுத்துருங்கம்மா, செத்துருவேன்."

டாக்டர் நர்ஸைப் பார்த்துச் சொன்னாள்: "ஆபரேஷனுக்கும் சுகப்பிரசவத்துக்கும் இன்சூரன்ஸ்ல இப்ப ஒரே தொகைதான். அதுல மயக்க டாக்டருக்கு யாரு குடுக்கிறது? நல்லா அழுத்து."

வெளியே நின்ற அக்கா சுடலைவடிவுக்கு அது கேட்டது. ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸில் அதிகம் கொடுத்த காலத்தில், நல்லபடியாக முக்கிக்கொண்டிருந்த அவளை இதே டாக்டர்தான் மேசையில் கட்டிக் கிழித்தாள். சுடலைவடிவு கதவை உதைத்துத் திறந்தாள். தட்டிலிருந்த கத்தரியை எடுத்து டாக்டரின் கழுத்தில் அழுத்தினாள். ரத்தம் கசிந்தது.

"நான் வேண்டாம் வேண்டாம்னு கத்தக் கத்தக் கிழிச்சியே. இவ கேக்கா. கிழி."

நர்ஸ் கூப்பிட, மயக்க டாக்டர் ஓடி வந்தார். டாக்டரும் நர்ஸும் பேச்சிக்கனியை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

போலீஸ்காரர்கள் வந்தபோது சுடலைவடிவு அந்த அறையின் கதவில் காதை வைத்து நின்றிருந்தாள். லத்தியால் அடித்தார்கள். முடியைப் பிடித்து இழுத்தார்கள். உதடு கிழிந்து தொங்கியும் கதவின் கைப்பிடியை அவள் விடவில்லை.

உள்ளே குழந்தை அழுதது.

"இப்ப வாரேன்" என்று கைப்பிடியை விட்டு, விலங்குக்கு இரண்டு கைகளையும் நீட்டினாள்.