காவல் ஏழு

உக்குவளைக்கு முன்னால் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள்.

மரிய கொறற்றியின் பையிலிருந்து இருபத்து மூன்று குப்பிகள் வெளியே வந்தன. ஸ்பிரிட்டில் கிடந்தவை கொசுத்தேனீக்கள். ஒவ்வொரு குப்பியிலும் ஊர்ப்பெயர், தேதி, இலக்கம்.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வு ஒரே கேள்விதான். எல்கடுவ மலையில் இருக்கும் கறுத்த தேனீயும் கலேவெல வெயிலில் இருக்கும் வெளிறிய தேனீயும் ஒரே இனமா, இரண்டா? இரண்டுக்குமே கொடுக்கு இல்லை. சிறகு நரம்பையும் பின்னங்கால் மயிரையும் கூட்டின் அமைப்பையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

சிப்பாய் குப்பிகளை விட்டுவிட்டு அவளுடைய குறிப்புக் கொப்பியை எடுத்தான். அத்தனையும் தமிழ் எழுத்து.

அவளுக்கு உள்ளே இருந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. கூட்டு வாசலில் காவல் நிற்கும் தேனீக்களை எண்ணி அவளே எழுதிய வரிதான். இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

'கலேவெல. வாசல் ஒன்று. காவல் ஏழு. மாலை ஆறுக்குப் பின் நடமாட்டம் இல்லை.'

இதைவிடச் சின்னச் சந்தேகத்தில் போன மாதம் இராணுவம் பிடித்துக்கொண்டுபோன சித்தப்பா மகன் சிறில் இன்னும் வீடு திரும்பவில்லை.

தேனீயைப் பற்றிய குறிப்பு என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். அவன் நம்பவில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார் என்று வரிசையைப் பார்த்துக் கேட்டான்.

மாத்தளைச் சந்தையில் பாக்கு விற்கும் நூருன்னிஸா முன்னால் வந்தாள்.

உதடு அசைய, வரி வரியாக விரலை ஓட்டினாள். கலேவெலப் பக்கத்தில் விரல் நின்றது.

எல்லாம் கணெய்யா என்னும் இந்தக் கொசுத்தேனீயைப் பற்றித்தான், எந்த மரத்தில் கூடு, பூச்சி என்ன நிறம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது என்றாள் நூருன்னிஸா, நல்ல சிங்களத்தில்.

சிப்பாய் ஒரு குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்தான். முகம் இளகியது. தன் வீட்டுச் சுவர் ஓட்டையிலும் இது இருக்கிறது என்றான். கொப்பியை நீட்டினான்.

பஸ் கிளம்பியது. மரிய கொறற்றிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“அந்த வரிய வாசிச்சும் சொல்லாம விட்டீங்களே ராத்தா. உயிரக் காப்பாத்திட்டீங்க.”

நூருன்னிஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“எந்த வரி? எனக்கு எழுத்தே தெரியாது தங்கச்சி. குப்பியில கெடந்த பூச்சியப் பாத்துச் சொன்னேன்.”