பூடிலுக்கு ஒரு பூ

கார்காலம் தன் முழுப் பாரத்தையும் அந்தத் தெருவின்மேல் இறக்கி வைத்திருந்தது. வானம் தாழ்ந்து மாடிச் சுவர்களைத் தொட்டது. மரங்கள் தலைகவிழ்ந்து நின்று, மழை தந்த நீரைத் தாமும் ஒருமுறை மெல்லப் பெய்துகொண்டிருந்தன. பிரிந்தவர் பெருமூச்செறியவும் அடியவர் கண்பனிக்கவும் ஏற்ற பொழுது.

"உழிஞைப்பெருவழுதி!" என்று முழங்கினார் அகராதியார்.

சோபாவுக்கு அடியில் கிடந்த வெள்ளைப் பூடில் நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

"யாரைப்பா திட்டறீங்க?" என்றாள் மகள்.

"திட்டலைம்மா. உழிஞை ஒரு பூ. எதிரி கோட்டையை வளைச்சுக்கிட்டு நிக்கிற வீரன் தலையில சூடறது. ஆம்பளை நாய்க்கு ஏத்த பேரு."

"பார்க்குல அதைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள நாய் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கியே போயிடும்," என்றாள் அவர் மனைவி, மகளின் முதுகுக்கு ஒரு தலையணையைச் செருகியபடி.

பேரகராதி தொகுக்கும் அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவர் என்பதால் தெருவே அவரை அகராதியார் என்றழைத்தது. அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் புதிதாய் வரும் உயிருக்கு மலரின் பெயரையே சூட்ட வேண்டும். சூட்டும் உரிமை பெரியவர்களிடையே சுழன்று வரும். ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான். ஒருமுறை வைத்த பெயரை மறுபடி எவருக்கும் வைப்பதில்லை. மகள் பிறந்தபோது முறை அவருடைய அக்காவுக்குப் போயிற்று. தொட்டிலருகே நாவடக்கி நின்ற அகராதியார், அன்று தொட்டுத் தம் முறைக்காகக் காத்திருக்கிறார். இந்த முறை அவருடையது; அதற்கடுத்தது அவர் மனைவியுடையது.

"ஆனாலும் ஒரு நாய்க்குப் போய் என் முறையைச் செலவு பண்ணணுமா?" என்று தயங்கினார்.

"நாயா இருந்தா என்னப்பா? வாசப்படி தாண்டி வந்த உயிர்தானே?" என்றாள் மகள். அன்று காலை அந்தப் பூடிலை வாங்கித் தூக்கி வந்தவள் அவள்தான்.

"கிடைக்கறப்போ வச்சிடுங்க. அப்புறம் என் முறைன்னு பிடுங்கிட்டேன்னா என்னைக் குத்தம் சொல்லாதீங்க," என்றாள் மனைவி.

அதோடு அவர் தயக்கம் கரைந்தது.

"அப்படின்னா நொச்சிக்காவலன். நொச்சி, கோட்டையைக் காக்கறவன் சூடற பூ. வீட்டுக் காவலுக்கு..."

அழைப்பு மணி அடித்தது. காவலன் சோபாவின் அடியிலிருந்து பாய்ந்து, குளியலறைக்குள் புகுந்து, துவைக்கிற துணிக் குவியலுக்குள் ஒளிந்துகொண்டான். வாலின் நுனிப் பந்து மட்டும் வெளியே நடுங்கிற்று.

"கோட்டை விழுந்துடுச்சு," என்றாள் மனைவி, கதவைத் திறக்கப் போனபடி.

அகராதியார் தளரவில்லை. பூடில் திரும்பி வந்து அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியபோது, "வெட்சியரசன்! பகைவரோட மாட்டை ஓட்டிட்டு வர்றவன் சூடற பூ!" என்று மகிழ்ந்தார்.

"திருட்டுக்குப் பட்டம் வேறயா? நாளைக்கு என் செருப்பும் போகும்," என்றாள் மனைவி.

"தும்பைச்செழியன்? நேருக்கு நேர் நின்னு போர் பண்றவன்..."

செழியன் அலமாரிக் கண்ணாடியில் தன் சுருட்டை முடியைத் தானே கண்டு, ஒரு வீறிடலோடு மகளின் மடியில் ஏறிவிட்டான். அவள் சட்டென்று இரு கைகளாலும் அவனைத் தடுத்து இறக்கினாள். சிரித்துச் சிரித்துத் தாய்க்கும் மகளுக்கும் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது இடி இடித்தது.

பூடில் நடுங்கியபடி, பெண்கள் இருவரையும் விட்டுவிட்டு, நேரே அகராதியாரிடம் வந்து, அவர் பாதத்தின்மேல் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அகராதியார் குனிந்து அதன் நெற்றியைத் தடவினார்.

"போர்ப்பூ எதுவும் இவனுக்கு வேண்டாம். மகிழ்."

"என்னப்பா?"

"மகிழ். காஞ்சு சருகானாலும் வாசம் போகாத பூ. கூப்பிட வாய் நிறையாது, மனசு நிறையும். ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தனர். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"பின்னாடி அரசன், வழுதி ஒண்ணும் இல்லையா?" என்றாள் மகள் மெலிந்த குரலில்.

"இவனுக்கு இதுவே போதும்."

"என்னங்க, இன்னொரு தடவை யோசிங்களேன்," என்று மனைவி பதறினாள். "அந்த உழிஞை என்னமோ சொன்னீங்களே, அதுல ஒரு கம்பீரம் இருந்துச்சே!"

"நொச்சிகூட நல்லாத்தான்பா இருந்தது!"

"இப்பதான் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க?" அகராதியார் கையமர்த்தினார். "வச்சது வச்சதுதான்."

நாயின் காதருகே வாய்வைத்து மும்முறை அப்பெயரைச் சொன்னார். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு விளக்கு மாடத்தின் முன் போய் நின்று, திரியைத் தூண்டி, பழைய பதிகம் ஒன்றைத் தமக்குள் முணுமுணுத்தபடி கண்களை மூடினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் மனைவியும் கைகூப்பினாள். கூப்பிய கையை மெல்லப் பிரித்து, அவரிடம் இன்னும் சொல்லாத கருவைச் சுமக்கும் மகளின் வயிற்றின்மேல் வைத்து, உதடு அசையாமல் சொன்னாள்:

"உன் தாத்தா வைக்கிற பேருலேர்ந்து உன்னைக் காப்பாத்தறதுக்குத்தான் இந்த நாயையே வாங்கினோம், கடைசியில உனக்குன்னே பிறந்த பேரு நாய்க்குப் போயிடுச்சு. எங்களை மன்னிச்சு, நல்லபடியா வந்து சேரு, கண்ணு. நூறு வருஷம் நல்லா இரு."